சூரியக் குடும்பம்: பட்டியல் வேண்டாம், தூரமும் கனமும் போதும்

கேள்வி இது: சூரியக் குடும்பத்தைப் பற்றி அடிப்படையாக என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? விட்டம், வெப்பநிலை, நிலவுகளின் எண்ணிக்கை என்று வரிசையாகப் படித்தால் ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறது. புளூட்டோவை ஏன் எடுத்தார்கள்? கோயிலில் சுற்றும் நவக்கிரகத்துக்கும் பாடத்தில் வரும் எட்டுக் கோள்களுக்கும் சம்பந்தம் உண்டா?

மறந்துபோவதில் ஆச்சரியம் இல்லை. காரணம் தெரியாத எண் மனதில் தங்காது. அதுவும் சில எண்களைப் படித்துப் பயனே இல்லை. சனிக்கு எத்தனை நிலவுகள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 நிலவுகள் சேர்ந்து மொத்தம் 274 ஆகிவிட்டது. அதுவரை அச்சடித்த பொது அறிவுப் புத்தகங்கள் எல்லாம் அன்றைக்கே பழசு. அதனால் எண்களை விட்டுவிட்டு ஒவ்வொரு கோளிடமும் இரண்டே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். சூரியனிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறாய்? எவ்வளவு கனமாக இருக்கிறாய்? அந்தக் கோள் பாறையா வாயுவா, காற்று உண்டா இல்லையா, சுடுமா உறையுமா என்பதில் பெரும்பகுதி இந்த இரண்டு பதில்களிலேயே அடங்கிவிடும். அடங்காத இடங்களும் உண்டு, அவைதான் சுவாரசியமானவை.

ஏன் அப்படி என்றால், எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை. சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாயுவும் தூசியும் கலந்த பெரிய மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தொடங்கியது. சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகம் கூடியது, மேகம் தட்டையானது. பொருளில் ஏறக்குறைய எல்லாமே நடுவில் போய்ச் சூரியனாகிவிட்டது. இன்றும் சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 சதவீதத்துக்கு மேல் சூரியன் ஒன்றிடமே இருக்கிறது. மிச்சம் கிடந்த துளியில்தான் வியாழன், சனி, நாம், நம் கடல், மலை எல்லாம். எட்டுக் கோள்களும் ஒரே திசையில், கிட்டத்தட்ட ஒரே தளத்தில் சூரியனைச் சுற்றுவது அந்தப் பழைய தட்டின் மிச்ச அடையாளம்.

அந்தத் தட்டில் சூரியனுக்குப் பக்கத்தில் சூடு அதிகம். தண்ணீர், மீத்தேன், அம்மோனியா எல்லாம் அங்கே ஆவியாகத்தான் இருக்க முடியும். கெட்டியாக நின்றவை பாறையும் இரும்பும் மட்டும், அவையோ மேகத்தில் மிகக் கொஞ்சம். அதனால் உள்பக்கம் உருவான நான்கும் சின்னவை, பாறையாலானவை: புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஓர் எல்லை வருகிறது. அதற்கு அப்பால் தண்ணீர் பனிக்கட்டியாகக் கெட்டிப்படும். பாறையோடு பனியும் சேர்ந்துகொண்டதால் அங்கே கருக்கள் வேகமாகப் பெருத்தன. பூமியைப் போல் பத்து மடங்கு கனம் சேர்ந்ததும் சுற்றியிருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தொடங்கின. வியாழனும் சனியும் அப்படி வாயுப் பூதங்களாயின. யுரேனஸும் நெப்டியூனும் தாமதமாக வளர்ந்தவை. போர்த்திக்கொள்ள வாயு மிஞ்சவில்லை, பனிப்பொருட்களே அவற்றில் மிகுதி.

அடுத்தது தூரம். பள்ளிச் சுவரில் தொங்கும் படத்தில் கோள்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். தாளில் வேறு வழியில்லை, ஆனால் மனதில் பதிந்துபோகும் தப்பான படம் அது. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதை ஓர் அளவுகோலாக எடுத்தால் வியாழன் 5.2, சனி 9.5, யுரேனஸ் 19, நெப்டியூன் 30.

நமக்குத் தெரிந்த சாலையில் இதை விரித்துப் பார்ப்போம். கன்னியாகுமரியில் சூரியன், சென்னையில் நெப்டியூன், நடுவே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நெடுஞ்சாலை. புறப்பட்டுச் சுசீந்திரம் வருவதற்குள் புதன் வந்துவிடும். நாகர்கோவிலுக்குள் நுழையும் முன்பே வெள்ளி. ஊரைத் தாண்டியதும் பூமி. ஆரல்வாய்மொழி பக்கம் செவ்வாய். பாறைக் கோள்கள் அவ்வளவுதான், அரை மணிப் பயணத்தில் நான்கும் முடிந்தன. அப்புறம் ஆள் அரவமற்ற நீண்ட சாலை. நாங்குநேரி வட்டாரத்தில் சிறுகோள்கள் தூவிக் கிடக்கும். திருநெல்வேலியையும் கயத்தாறையும் கடந்த பிறகுதான் வியாழன். திருமங்கலத்தில் சனி. மதுரை, திருச்சி இரண்டையும் தாண்டிப் பெரம்பலூரில் யுரேனஸ். அங்கிருந்து சென்னை வரை மறுபடி ஒன்றும் கிடையாது. இந்த அளவில் சூரியன் 216 மீட்டர் அகல உருண்டை, பூமி 2 மீட்டர், வியாழன் 22 மீட்டர். ஒளி மணிக்கு 168 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கன்னியாகுமரியில் கிளம்பிய வெளிச்சம் நாகர்கோவில் தாண்டிய பூமிக்கு வர 8 நிமிடம் 20 நொடி, சென்னைக்கு வர நான்கு மணி நேரத்துக்கும் மேல். நிஜத்திலும் அதே நேரம்தான். அடுத்த நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி எங்கே என்று கேட்டால், இந்த அளவில்கூட 60 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால். இந்தியாவுக்குள் அல்ல, பூமிக்குள்ளும் அல்ல; வானில் நாம் பார்க்கும் நிஜ நிலாவைப் போல் 16 மடங்கு தொலைவில்.

சூரியனைப் பற்றி நான்கு வரி. அது எரியும் நெருப்பு இல்லை. நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம், அதில் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. மாறும்போது 40 லட்சம் டன் பொருள் காணாமல் போய் ஆற்றலாக வெளியே வருகிறது. நாம் கண்ணால் காணும் மேற்பரப்பு 5,500 டிகிரி செல்சியஸ்தான்.

சரி, கோள்களுக்கு வருவோம். புதன் சூரியனுக்கு ரொம்பப் பக்கம், ரொம்பச் சின்னது. வியாழனின் நிலவான கேனிமீடும் சனியின் நிலவான டைட்டனும் விட்டத்தில் புதனைவிடப் பெரியவை. கனம் குறைவு, சூடு அதிகம் என்றால் காற்றைப் பிடித்து வைக்க முடியாது. காற்று இல்லாததால் பகலில் 430 டிகிரி வரை போகும் தரை, இரவில் மைனஸ் 180க்கு இறங்கிவிடும். அங்கே ஒரு காலைக்கும் அடுத்த காலைக்கும் நடுவே 176 பூமி நாட்கள். அதற்குள் புதன் சூரியனை இரண்டு முறை சுற்றி முடித்திருக்கும்; ஒரு நாள் விடிவதற்குள் இரண்டு வருடம். துருவப் பள்ளங்களில் வெயிலே படாத மூலைகளில் பனிக்கட்டி கிடக்கிறது என்பதை மெசஞ்சர் விண்கலம் உறுதிப்படுத்தியது.

வெள்ளியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விட்டத்தில் பூமியில் 95 சதவீதம், நிறையில் 81 சதவீதம். கனத்தில் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். தூரத்தில் மட்டும் வெள்ளி நம்மைவிட 4 கோடி கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அந்த வித்தியாசத்தின் விலை என்ன தெரியுமா? தரையில் 465 டிகிரி வெப்பம், ஈயம் உருகி ஓடும் சூடு. காற்றழுத்தம் நம்முடையதைப் போல் சுமார் 90 மடங்கு. கடலில் 900 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம். மேலே கந்தக அமில மேகம். 1982 மார்ச் 1 அன்று சோவியத்தின் வெனேரா 13 அங்கே இறங்கியது. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று செய்திருந்தார்கள்; 127 நிமிடம் தாங்கி, வண்ணப் படங்களை அனுப்பிவிட்டு அடங்கியது.

சூரியனுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் புதனைவிட வெள்ளி சூடாக இருப்பது எப்படி? அதன் காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு. வெளிச்சத்தை உள்ளே விட்டு, வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அதன் குணம். இரவோ பகலோ, துருவமோ நடுக்கோடோ, வெள்ளியில் வெப்பம் அதிகம் மாறுவதில்லை. பூமியில் அந்த வாயு இல்லையா என்றால், இருக்கிறது. அளவில் வெள்ளியோடு ஒப்பிடத் தக்க அளவுக்கே இருக்கிறது. காற்றில் இல்லாமல் கல்லில் இருக்கிறது. மழையில் கரைந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், அங்கே சுண்ணாம்புப் படிவமாக அடியில் தங்கிவிட்டது. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல் அப்படி ஒரு பழைய கடலின் அடியில் படிந்ததுதான். சூளையில் அதைச் சுடும்போது அடைபட்டிருந்த கரியமில வாயு மறுபடி வெளியேறுகிறது. இந்தக் கல்லாகும் வேலைக்குத் திரவத் தண்ணீர் வேண்டும். வெள்ளியில் தண்ணீர் ஆவியாகி மேலே போய், சூரிய ஒளியில் உடைந்து, அதன் ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிட்டது. தண்ணீர் போனதும் வாயுவைக் கல்லாக்க வழியில்லை.

பூமியைப் பற்றி இரண்டே விஷயம். ஒன்று, வெயில் காலம் வருவது சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் என்று பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. நாம் சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், மார்கழிக் குளிரில். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை தொடக்கத்தில். இரண்டுக்கும் வித்தியாசம் 50 லட்சம் கிலோமீட்டர். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. இரண்டாவது, நிலா. சூரியனிலிருந்து பூமியும் நிலாவும் ஒரே தூரம், ஒரே வெயில். ஆனால் நிலாவின் கனம் பூமியில் 81இல் ஒரு பங்குதான். அதனால் இங்கே கடலும் காற்றும், அங்கே மொட்டைப் பாறை. வெள்ளி தூரத்தின் வேலையைக் காட்டுகிறது என்றால் நிலா கனத்தின் வேலையைக் காட்டுகிறது.

செவ்வாய் இரண்டிலும் மாட்டிக்கொண்டது. நம்மைவிட ஒன்றரை மடங்கு தூரம், கனமோ பத்தில் ஒரு பங்கு. ஒரு காலத்தில் அங்கே ஆறு ஓடிய தடங்களும் ஏரி வற்றிய படிவுகளும் தெளிவாக இருக்கின்றன. சின்ன உடம்பு சீக்கிரம் ஆறிவிடும். உள்ளே சுழன்ற உருகிய இரும்பு தன் வேலையை நிறுத்தியதும் கோளைச் சுற்றிக் காவல் நின்ற காந்தப்புலம் அணைந்தது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள்களான சூரியக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக வளிமண்டலத்தை உரித்துக்கொண்டு போனது. இப்போது அங்குள்ள காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு நாள் மட்டும் நம்மைப் போலவே, 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சிவப்பு நிறம் வெறும் இரும்புத் துரு. 22 கிலோமீட்டர் உயர ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலை அங்கேதான் இருக்கிறது. 2013 நவம்பர் 5 அன்று கிளம்பிய நம் மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது, முதல் முயற்சியிலேயே.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சிறுகோள்கள். சினிமாவில் காட்டுவது போலப் பாறைகள் மோதிக்கொண்டு பறக்கும் இடமல்ல. எல்லாவற்றையும் திரட்டினாலும் நம் நிலாவின் கனத்தில் நூற்றில் மூன்று பங்குதான் வரும். ஒரு பாறைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே லட்சக்கணக்கான கிலோமீட்டர் காலி இடம். விண்கலங்கள் ஒன்றிலும் படாமல் போய்வருகின்றன. பக்கத்தில் வியாழன் இருந்து இழுத்துக் கலைத்துக்கொண்டே இருந்ததால் ஒன்றுசேர்ந்து கோளாக முடியாமல் போனவை இவை. இதில் நமக்குச் சொந்தமாகச் சொல்லிக்கொள்ள ஒன்று உண்டு. 1861இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர். வரிசை எண் 67. பிறகு 1988இல் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தில் இரா. ராஜமோகன் கண்டுபிடித்த 4130ஆம் சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர்.

தண்ணீர் பனியாகும் அந்த எல்லையைத் தாண்டினால் வியாழன். மற்ற ஏழு கோள்களையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தாலும் இது இரண்டரை மடங்கு கனம். பூமியைப் போல் 318 மடங்கு. இவ்வளவு பெரிய உடம்பு பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது, அதனால் இடுப்பு பிதுங்கியிருக்கும். காலை வைக்கத் தரை கிடையாது. மேகத்துக்குக் கீழே வாயு அடர்ந்து அடர்ந்து திரவமாகிக்கொண்டே போகும். பெருஞ்சிவப்புப் புள்ளி என்பது பூமியைவிட அகலமான ஒரு புயல். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள், அது சுருங்கிக்கொண்டே வருகிறது.

1610 ஜனவரியில் கலிலியோ தன் தொலைநோக்கியில் வியாழனுக்குப் பக்கத்தில் சில புள்ளிகளைப் பார்த்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின, ஆனால் வியாழனை விட்டுப் போகவில்லை. பூமியைச் சுற்றாத பொருட்களும் வானில் உண்டு என்பதற்கு அது கண் முன்னால் கிடைத்த சாட்சி. அந்த நான்கில் அயோ என்ற நிலவில்தான் நம் இரண்டு கேள்விகளும் தோற்றுப்போகின்றன. சூரியனிலிருந்து அவ்வளவு தூரம், கனமும் நம் நிலா அளவுதான். கணக்குப்படி அது செத்துக் குளிர்ந்த உருண்டையாக இருக்க வேண்டும். 1979இல் வாயேஜர் 1 விண்கலம் எடுத்த படத்தில் பார்த்தால் எரிமலை கக்கிக்கொண்டிருந்தது! சூரியக் குடும்பத்திலேயே அதிகமாக எரிமலைகள் குமுறும் இடம் அதுதான். வியாழன் ஒரு பக்கமும் மற்ற நிலவுகள் மறுபக்கமும் மாறி மாறி இழுப்பதில் அயோவின் உடம்பு பிசையப்பட்டு உள்ளே சூடாகிறது. ஆக, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் மூன்றாவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து நிலவான யூரோப்பாவில் இதே பிசைவுதான் பனி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடலை உறையாமல் வைத்திருப்பதாகக் கருதுகிறார்கள். அதை ஆராய 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030இல் போய்ச் சேரும்.

சனியின் வளையம் எல்லோருக்கும் தெரியும். அது எவ்வளவு மெல்லியது என்பதுதான் தெரியாது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை 2,70,000 கிலோமீட்டருக்கு மேல், தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர். முழுக்கப் பனிக்கட்டித் துண்டுகள், தூசி அளவிலிருந்து வீடு அளவு வரை. பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பும்போது சின்னத் தொலைநோக்கியில் காணாமலே போய்விடும். 2025 மார்ச்சில் அப்படி நடந்தது.

எனக்கு வளையத்தைவிட டைட்டன்தான் பிடிக்கும். கனம் நிலாவைப் போல் 1.8 மடங்கு, ஆனால் உருவமும் நிலாவைவிடப் பெரிது. ஒரு பொருள் நிலாவின் ஈர்ப்பிலிருந்து தப்ப நொடிக்கு 2.4 கிலோமீட்டர் வேகம் வேண்டும், டைட்டனில் 2.6. கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் நிலாவில் காற்று இல்லை, டைட்டனில் நம்மைவிட ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நைட்ரஜன் காற்று. காரணம் குளிர். மைனஸ் 179 டிகிரியில் வாயுவின் மூலக்கூறுகள் சோம்பிப்போய் மெல்ல நகர்கின்றன, தப்பும் வேகம் வருவதில்லை. தொலைவில், பனிப்பொருட்களோடு பிறந்ததால் காற்றுக்கான சரக்கும் ஆரம்பத்திலேயே கையில் இருந்தது. கனம் குறைந்தாலும் தூரம் ஈடுகட்டிவிட்டது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் அங்கே இறங்கியபோது உருண்டையான கூழாங்கற்களைப் படம் பிடித்தது. அவை பனிக்கட்டிக் கற்கள், அவற்றை உருட்டியது மீத்தேன் ஓடிய ஆறு. பூமியைத் தவிர மேற்பரப்பில் ஏரிகள் நிலையாக இருப்பதாக நமக்குத் தெரிந்த ஒரே இடம் டைட்டன்.

யுரேனஸும் நெப்டியூனும் அந்தக் கால வான நூலார் அறியாதவை. 1781 மார்ச் 13 அன்று இங்கிலாந்தின் பாத் நகரில் வில்லியம் ஹெர்ஷல் வீட்டுத் தோட்டத்திலிருந்து பார்த்தது யுரேனஸ். முதலில் வால்நட்சத்திரம் என்றுதான் நினைத்தார். அதன் அச்சு 98 டிகிரி சாய்ந்து, படுத்துக்கொண்டே உருள்கிறது. 84 வருடத்தில் ஒரு சுற்று என்பதால் துருவத்தில் 42 வருடம் பகல், 42 வருடம் இரவு. 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தின் முன்னால் யுரேனஸ் கடந்தபோது, கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் விட்டுவிட்டு மங்கியது. அமெரிக்கக் குழு ஒன்று விமானத்தில் இருந்தபடி அதைப் பதிவுசெய்து, யுரேனஸுக்கும் வளையங்கள் உண்டு என்று கண்டது. காவலூரிலும் அன்றிரவு அந்த மங்கல் பதிவானது. நெப்டியூனைக் கண்ணுக்கு முன் கணக்கு கண்டுபிடித்தது. யுரேனஸ் தன் பாதையில் தடுமாறுவதைப் பார்த்துப் பாரிஸின் லெ வெரியே, அதை இழுக்கும் கோள் எங்கே இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். கடிதம் கிடைத்த இரவே, 1846 செப்டம்பர் 23 அன்று, பெர்லினில் யோகான் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் அது இருந்தது. ஒரு சுற்றுக்கு 165 வருடம் எடுக்கும் நெப்டியூன், கண்டுபிடித்த இடத்துக்குத் திரும்பி வந்தது 2011இல்தான். இரண்டு கோள்களுக்கும் இதுவரை போயிருப்பது ஒரே கலம், வாயேஜர் 2: 1986இல் யுரேனஸ், 1989இல் நெப்டியூன்.

புளூட்டோ விஷயத்துக்கு வருவோம். 1930இல் அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் கிளைட் டோம்பா அதைக் கண்டுபிடித்தபோது, பெரியது என்று எண்ணி ஒன்பதாவது இடம் கொடுத்தார்கள். அளக்க அளக்க அது சுருங்கியது. கடைசியில் விட்டம் 2,377 கிலோமீட்டர், நம் நிலாவைவிடச் சின்னது. 1992க்குப் பிறகு அதே வட்டாரத்தில் பனி உருண்டைகள் வரிசையாகக் கிடைக்கத் தொடங்கின. 2005இல் அறிவித்த ஏரிஸ், புளூட்டோவைவிடக் கனமானது. அப்படியானால் ஏரிஸைப் பத்தாவதாகச் சேர்க்க வேண்டும், பின்னால் வருவதையும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இல்லையென்றால் புளூட்டோவை எடுக்க வேண்டும். 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனை வைத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையை மற்றவற்றிலிருந்து துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தவறியது, குறுங்கோள் ஆனது.

இது அநியாயம் என்று இன்றும் சிலர் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் முடிவு சரி. இது முதல் முறையும் அல்ல. 1801 ஜனவரி 1 அன்று பியாட்சி கண்டுபிடித்த சீரிஸையும் கோள் என்றே பல பத்தாண்டுகள் எழுதிவந்தார்கள். அதே வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதியவை கிடைக்கவும் சீரிஸைச் சிறுகோள் பட்டியலுக்கு மாற்றினார்கள். அப்போது யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. பட்டம் போனதால் புளூட்டோவின் மதிப்பும் குறையவில்லை: 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் பக்கத்தில் போய்ப் பார்த்தபோது, இதய வடிவில் பரந்து கிடக்கும் நைட்ரஜன் பனிச் சமவெளியும் தண்ணீர்ப் பனியாலான மலைகளும் தெரிந்தன.

கடைசியாக நவக்கிரகம். அந்த ஒன்பதில் பூமி கிடையாது, ஏனென்றால் அது பூமியில் நின்று வானத்தைப் பார்த்துப் போட்ட பட்டியல். சூரியன் நட்சத்திரம், சந்திரன் துணைக்கோள். ராகுவும் கேதுவும் பொருட்களே அல்ல. வானில் சூரியன் போகும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டும் இரண்டு புள்ளிகள். சூரியனும் சந்திரனும் அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் கிரகணம் பிடிக்கும். பாம்பு விழுங்கும் கதைக்குள் இருக்கும் கணக்கு அது. மிச்சம் செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கோள்கள் இந்த ஐந்துதான்.

பெயர்ச்சிக் கணக்குகளும் இந்தச் சுற்றுக் காலத்திலிருந்து வருபவையே. சனி சூரியனை ஒருமுறை சுற்ற 29.5 வருடம். அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை வருடம், மூன்று ராசிக்கு ஏழரை. வியாழனுக்கு 11.86 வருடம், அதனால் குருப்பெயர்ச்சி ஆண்டுக்கு ஒருமுறை. கும்பகோணத்தில் மகாமகம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவதும் வியாழன் சிம்மத்துக்குத் திரும்பும் கணக்கில்தான். போனது 2016, அடுத்தது 2028. பன்னிரண்டுக்கு அந்தக் கொஞ்சம் குறைவதால் எப்போதாவது ஒரு சுற்று பதினோரு வருடத்திலேயே வந்துவிடும். ஹரித்துவார் கும்பமேளா 2010க்குப் பிறகு 2021இல் வந்தது அப்படித்தான். பலன் சொல்வதை நான் இதில் சேர்க்கவில்லை. தொலைநோக்கி இல்லாத காலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து எழுதிய சுற்றுக் காலம் சரியாக இருக்கிறது என்பது வேறு, அது உங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் என்பது வேறு.

நேரில் பார்க்க ஆசை இருந்தால் அதிகச் செலவு வேண்டாம். சூரியன் மறைந்த பின் மேற்கிலோ, விடியும் முன் கிழக்கிலோ, மற்ற எதையும்விடப் பிரகாசமாக, மினுக்காமல் நிற்பது வெள்ளி. பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலரைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி வியாழனைப் பார்த்தால் கலிலியோ பார்த்த நான்கு நிலவுகளும் கோடு போட்டது போல் தெரியும். சில சமயம் ஒன்றிரண்டு மறைந்திருக்கும். சனியின் வளையத்துக்கு முப்பது மடங்காவது பெரிதாக்கும் சின்னத் தொலைநோக்கி வேண்டும். இவற்றில் எதையும் சூரியன் பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள், ஒரு கணத்தில் கண் போய்விடும்.